கணக்கெடுக்கும் இடத்தில் மீனவர்

(நாகர்கோவிலில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். மீன்வள ஆய்வில் பெரும்பகுதி இந்தப் பழமொழியை நம்பி நடக்கும் காரியம்தான். கடலுக்குள் இறங்கி மீனை எண்ண முடியாது. அங்கங்கே வலை இறக்கி, கிடைத்ததை வைத்துக் கிடைக்காததற்கும் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் பதம் பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பானையைக் கிளறிவிட்டுத்தான் ஒரு சோற்றை எடுக்கிறார். கடலை யாரும் கிளறி வைப்பதில்லை. ஓரிடத்தில் மீன் அம்பாரமாகக் கிடக்கும், பக்கத்திலேயே பத்து மைலுக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே எந்தச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது என்பது பெரிய கேள்வி. அதை யார் தீர்மானிப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது இரண்டாவது கேள்வியைப் பற்றி.

மீனவரும் விஞ்ஞானியும் கைகோத்துச் செய்யும் ஆய்வு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது. நடப்பில் இதன் பொருள் என்ன? படகை வாடகைக்கு எடுப்பார்கள். மீனவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, முடிவைச் சொல்லி அனுப்புவார்கள். இதற்கும் கூட்டாய்வு என்றுதான் பெயர். இதை நான் கேலி செய்யவில்லை. இதிலும் பயன் உண்டு. ஆனால் கேள்வியைத் தொடுக்கும்போதும், கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும், வந்த எண்ணைச் சரிபார்க்கும்போதும் மீனவர் அங்கே இல்லையென்றால், அவர் கூலிக்கு வந்தவரே தவிர கூட்டாளி இல்லை. இதற்கு மிகப்பெரிய விலை கொடுத்த ஊர் ஒன்று உண்டு. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனடாவின் கிழக்கோரத்தில், அட்லாண்டிக் கடலில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. 1497இல் ஜான் கபோட் அந்தப் பக்கம் போய்வந்ததிலிருந்து அதன் கதை முழுக்கக் காட் மீனின் கதை. காட் மீனைக் கீறி, உப்பிட்டு, மரப் பரண்களில் காயவைத்து ஐரோப்பாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். சுருங்கச் சொன்னால் கருவாட்டில் எழும்பிய நாடு. அங்கே இரண்டு விதமான தொழில் நடந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மற்றது விளங்கும்.

முதலாவது கரைத்தொழில். கோடையில் கேப்லின் என்ற சிறுமீன் முட்டையிடக் கரைக்கே வந்துவிடும். அலையோடு ஒதுங்கி மணலில் முட்டையிடும் மீன் அது. அதைத் தின்னக் காட் மீனும் கரைக்கு வரும். மீனவர்கள் கரையோரத்தில் பெட்டி போன்ற பெரிய வலைக்கூட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள். கரையிலிருந்து அதன் வாய்வரை ஒரு நீள வலைச் சுவர் ஓடும். சுவரில் முட்டிய மீன் ஆழத்தை நோக்கித் திரும்பி நேரே கூட்டுக்குள் போய்விடும். மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் சிறகுவலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். வலைக்கூட்டை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஊரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் பிரித்துக்கொள்வார்கள். முக்கியமான விஷயம், இந்த வலை எங்கும் போகாது. மீன்தான் அதைத் தேடி வர வேண்டும்.

இரண்டாவது ஆழ்கடல் தொழில். குளிர்காலத்தில் காட் மீன் கண்டத்திட்டின் விளிம்பில் கூட்டங்கூட்டமாகத் திரண்டு இனப்பெருக்கம் செய்யும். 1950களில் தொடங்கி, ஐரோப்பிய நாடுகளின் ராட்சத இழுவலைக் கப்பல்கள் அந்தக் கூட்டங்களுக்குள் புகுந்து அள்ளின. பிடிப்பதும் வெட்டுவதும் உறைய வைப்பதும் கப்பலிலேயே. அதுவரை எந்த ஆண்டிலும் 3 லட்சம் டன்னைப் பெரிதாகத் தாண்டாத மீன்பாடு, 1968இல் 8 லட்சம் டன்னாக ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்தது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து அந்நியக் கப்பல்களைப் பெரும்பாலும் வெளியேற்றியது. இனி மீன் பெருகும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் சொந்த இழுவலைக் கப்பல்களை இறக்கினார்கள்.

இனி எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வது அரசு விஞ்ஞானிகளின் பொறுப்பு. அவர்கள் கையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று, ஆராய்ச்சிக் கப்பல். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் போய், ஆழத்துக்கு ஏற்பக் கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் குலுக்கல் முறையில் விழுந்த இடங்களில் வலை இழுக்கும். மீனவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உலகம் முழுக்க இந்தச் சிரிப்பு ஒன்றேதான்: 'மீன் இல்லாத இடமாகப் பார்த்து வலை போடுறானே!' உண்மையில் அந்த முறை முட்டாள்தனமானது இல்லை. மீன் இருக்கும் இடத்தில் மட்டும் இழுத்துப் பார்த்தால், கடைசி மீன் மிஞ்சியிருக்கும்வரை கடல் நிறைந்திருப்பதாகவே தோன்றும். இல்லாத இடத்தையும் எண்ணினால்தான் குறைவது தெரியும்.

இரண்டாவது அளவுகோல் வணிக இழுவலைக் கப்பல்களின் பதிவேடு. ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எத்தனை டன்? கூடினால் கடலில் மீன் கூடியிருக்கிறது, குறைந்தால் குறைந்திருக்கிறது. இங்கேதான் பிசகியது. காட் மீன் குறையக் குறைய, மிஞ்சியவை அடர்த்தியாக ஓரிடத்தில் சேர்ந்துகொண்டன. எதிரொலிக் கருவி வைத்திருக்கும் கேப்டன் நேராக அங்கே போகிறார். அவருடைய மணிக்கணக்கு மீன்பாடு குறையவே இல்லை. கடல் காலியாகிக்கொண்டிருக்கும்போது கணக்கேடு நிரம்பி வழிந்தது. குலுக்கல் கப்பலைப் பார்த்துச் சிரித்தவர்களின் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த நேரத்தில் கரையில் என்ன நடந்தது? 1980களின் நடுவிலேயே கரை மீனவர்கள் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள். வலைக்கூட்டில் மீன் குறைகிறது, வருவதும் சின்ன மீனாக வருகிறது என்றார்கள். முன்பு சொன்னேனே, அவர்களுடைய வலை எங்கும் போகாது. ஒரே இடத்தில் நின்று, வருகிறதா இல்லையா என்று வருடாவருடம் பார்த்துக்கொண்டிருக்கும் வலை. மீன் கூட்டம் சுருங்கினால் முதலில் தெரிய வேண்டியது அதற்குத்தான். ஆனால் அதிகாரபூர்வமான மதிப்பீட்டில் அந்த வலைக்கூடுகளின் மீன்பாட்டு விகிதத்துக்கு இடமே இல்லை. எத்தனை வலை, எத்தனை நாள் என்ற முறையான பதிவு கரைத்தொழிலில் இல்லை என்பது ஒரு காரணம். கரையோரத் தண்ணீர் குளிர்ந்துவிட்டது, அதனால் மீன் உள்ளே வரவில்லை, வெளியே நிறைய இருக்கிறது என்பது இன்னொரு விளக்கம். விளக்கம் தயாராக இருந்தால் கேட்கும் பொறுமை குறைந்துவிடும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. மீனவர்கள் மறியல் செய்ததோடு நிற்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்து கரை மீன்பிடிச் சங்கம் 1986இல் அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர்கள் மூவரை அமர்த்தி, அரசின் கணக்கை எடுத்துச் சோதித்துச் சொல்லுங்கள் என்றது. மீனவர் கேள்வி கேட்க, விஞ்ஞானி பதில் தேடிய ஏற்பாடு அது. மூவரும் சரிபார்த்து, அரசு மீன் இருப்பை அதிகமாக மதிப்பிட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். அரசு தன் பங்குக்கு ஒரு குழு போட்டது. குழுவுக்குப் பின்னால் இன்னொரு குழு வந்தது. 1989இல் அரசு விஞ்ஞானிகளே தங்கள் கணக்கைத் திருத்தி, 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றார்கள். அமைச்சர் நிர்ணயித்தது 2,35,000 டன். ஆகவே பழி முழுவதையும் ஆய்வுக்கூடத்தின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. வேலை இழப்புக்குப் பயந்த அரசியலுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

1992 ஜூலை 2ஆம் தேதி, மத்திய மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, காட் மீன்பிடிப்பு நிறுத்தப்படுகிறது என்று அறிவித்தார். மூடிய கதவுக்கு வெளியே மீனவர்கள் கதவை உடைக்கப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு என்றுதான் சொன்னார்கள். முடிவில் 30,000 பேருக்கு மேல் பிழைப்பை இழந்தார்கள். அந்தத் தடை விலக 32 ஆண்டுகள் ஆயின.

இதை இத்தோடு விட்டால், 'மீனவன் சொன்னான், படித்தவன் கேட்கவில்லை' என்று கைதட்டி முடித்துவிடலாம். கைதட்டலுக்காக நான் வரவில்லை. மீனவர் அறிவிலும் ஓட்டைகள் உண்டு. தடைக்குப் பிறகு பார்பரா நீஸ் என்ற சமூகவியலாளரும் அவருடன் சேர்ந்த உயிரியலாளர்களும் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களை உட்காரவைத்து நீண்ட நேர்காணல்கள் எடுத்தார்கள். அவர்கள் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். கடல் எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்கவில்லை. முதல் படகு எது, எத்தனை அடி, என்ன எஞ்சின், எத்தனை வலை, எவ்வளவு தூரம் போனீர்கள், அடுத்த படகு எப்போது வாங்கினீர்கள் என்று ஒருவருடைய தொழில் வாழ்க்கையைப் படகு படகாகக் கேட்டார்கள். அப்படி அடுக்கிப் பார்த்தபோது உண்மை வெளியே வந்தது. மீன்பாடு பெரிதாகக் குறையாத காலத்திலும் படகு பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது, வலை கூடியிருக்கிறது, தூரம் கூடியிருக்கிறது. அதே பத்துப் பெட்டி மீனைப் பிடிக்க மூன்று மடங்கு பாடுபடுகிறோம் என்பது தினமும் கடலுக்குப் போகிறவருக்குத் தெரியாமலே போகலாம். அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் கிடைக்கும். வரலாறு கேட்டால் அளவு கிடைக்கும். மாணவர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும்.

இரு தரப்பின் ஓட்டைகளையும் அடைக்க ஒரு வழி பிறந்தது. 1995இல் நியூஃபவுண்ட்லாந்தில் சென்டினல் ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மீனவர் தொழிற்சங்கமும் அரசின் மீன்வளத் துறையும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு. தொழில் நின்றுபோன ஊர்களிலிருந்து மீனவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குறிப்பிட்ட வலை, குறிப்பிட்ட தூண்டில், குறிப்பிட்ட வாரங்கள் என்று கட்டுப்பாட்டோடு மீன் பிடிக்கச் சொன்னார்கள். இதன் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிலையான இடம் உண்டு. அந்த ஊரின் பழைய மீன்பிடி அனுபவத்தை வைத்து முடிவு செய்த இடம். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே வலை போட்டே ஆக வேண்டும். கூடவே இன்னோர் இடம், அன்றன்றைக்கு மீனவர் தன் அறிவைக் கொண்டு தானே தேர்ந்தெடுப்பது. முதலாவது விஞ்ஞானியின் பிடிவாதத்துக்கு, இரண்டாவது மீனவரின் மூக்குக்கு. இரண்டையும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டால், மீன் குறைந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல வழி பிறக்கிறது. குலுக்கல் கப்பலுக்கும் கரை வலைக்கும் நடுவே பத்து வருடமாக நடந்த சண்டையை ஒரே படகில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தப் படகில் நடக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். வலையிலிருந்து எடுத்த காட் மீனை அளவுப் பலகையில் கிடத்துகிறார்கள். மூக்கு, பலகையின் முனையில் முட்ட வேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் நீளம் எழுதுகிறார்கள். வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை முற்றியதா என்று பார்க்கிறார்கள். பிறகு தலையைக் குறுக்கே வெட்டி, மூளைக்குக் கீழே இருக்கும் இரண்டு காதுக்கற்களை இடுக்கியால் எடுத்து, துடைத்து, எண் போட்ட சிறிய காகித உறையில் போடுகிறார்கள். நம் கடலில் கத்தாழை மீனின் தலையில் கல் பார்த்திருப்பீர்கள். அதே கல்தான். அதில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும், எண்ணினால் வயது தெரியும். காலங்காலமாக மீனின் தலையை வெட்டி எறிந்துகொண்டிருந்தவர், அந்தத் தலைக்குள் இருப்பதைத் தானே எடுத்து உறையில் போட்டு எண் எழுதும்போது, ஆய்வு அறிக்கையில் 'சராசரி வயது' என்று வரும் வரி அவருக்குப் புதிராக இருக்காது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். தவறாக இருந்தால் எங்கே தவறியிருக்கும் என்றும் தெரியும்.

சென்டினல் எண்கள் பின்னாளில் அதிகாரபூர்வ மதிப்பீட்டுக்குள்ளேயே ஏறின. 2024 ஜூனில் கனடா அரசு தடையை விலக்கி, 18,000 டன் பிடிக்கலாம் என்றது. உடனே மீனவர் சங்கம் சண்டைக்கு நின்றது. ஆழ்கடல் இழுவலைக் கப்பல்களையும் அந்நியக் கப்பல்களையும் மறுபடி உள்ளே விடுவது அவசரம் என்பது அவர்கள் வாதம். மீன்பிடிக்கத் தடை விலகியதை எதிர்த்து மீனவர்களே கொடி பிடித்தார்கள்! சேர்ந்து ஆய்வு செய்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை தீராது. ஆனால் மீன் எவ்வளவு இருக்கிறது என்ற சண்டை, யாருக்கு எவ்வளவு என்ற சண்டையாக மாறும். அது எவ்வளவோ மேல்.

இன்னோர் எடுத்துக்காட்டு அலாஸ்காவின் வடகோடியில் நடந்தது. அது மீனைப் பற்றியது இல்லை, திமிங்கிலத்தைப் பற்றியது. இருந்தாலும் நம் கேள்விக்குப் பொருந்தும். பாரோ என்று அப்போது அழைக்கப்பட்ட ஊரில் இன்யுப்பியாக் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போஹெட் திமிங்கிலம் வேட்டையாடுகிறவர்கள். 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், மிஞ்சியவை மிகக் குறைவு என்று சொல்லி அந்த வேட்டையை நிறுத்தப் பார்த்தது. அதிகபட்சம் 2,000 திமிங்கிலம் இருக்கலாம் என்பது அன்றைய கணிப்பு. எப்படி எண்ணினார்கள்? வசந்தத்தில் பனிக்கட்டி பிளந்து திறக்கும் நீர்வழியின் ஓரத்தில் நின்று, கண்ணில் படுவதை எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் சொன்னார்கள்: நீங்கள் பார்ப்பது கரையோரமாகப் போகிறவற்றை மட்டும். தொலைவில் பனிக்கு அடியிலும் போகின்றன, மூச்சு வாங்க மண்டையாலேயே பனியை உடைக்கும், நீர்வழி மூடிக்கொண்டாலும் பயணம் நிற்காது. விஞ்ஞானிகள் முதலில் நம்பவில்லை. பிறகு தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். நீர்வழி மூடியிருந்த நாட்களிலும் திமிங்கிலத்தின் குரல் கேட்டது, தொலைவிலிருந்தும் கேட்டது. கணக்கை மாற்றினார்கள். 2011இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 16,900. இதில் ஒரு பகுதி, இடைப்பட்ட ஆண்டுகளில் திமிங்கிலங்கள் உண்மையிலேயே பெருகியதால் வந்தது. எல்லாமே முதலில் விடுபட்டவை என்று சொன்னால் அது பொய்க்கணக்கு.

அங்கேயும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அந்தப் பகுதியின் உள்ளாட்சிக்கு எண்ணெய் வயல்களிலிருந்து வரி வருமானம் வந்தது. அந்தக் காசில் அவர்களே வனவிலங்குத் துறை வைத்து, விஞ்ஞானிகளைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார்கள். நியூஃபவுண்ட்லாந்திலும் இதுதான், அலாஸ்காவிலும் இதுதான். கேள்வி கேட்கும் உரிமை, விஞ்ஞானிக்குப் படியளக்கும் கையோடு சேர்ந்தே போகிறது. கசப்பாக இருந்தாலும் உண்மை.

கேள்விக்கு அடுத்தது கருவி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அல்பட்ராஸ் 4 என்ற அரசு ஆராய்ச்சிக் கப்பல் ஆண்டுக்கணக்காக வலை இழுத்து மீன் கணக்கெடுத்து வந்தது. இழுவலையைக் கப்பலோடு இணைப்பவை இரண்டு கம்பிவடங்கள். இரண்டும் ஒரே நீளத்துக்கு இறங்கினால்தான் வலையின் வாய் ஒழுங்காகத் திறக்கும். எவ்வளவு வடம் இறங்கியிருக்கிறது என்று தெரிய இடைவெளி விட்டு அடையாளம் போட்டிருப்பார்கள். 2002இல், அந்த அடையாளங்கள் இரண்டு பக்கமும் ஒத்து வரவில்லை என்று மீனவர்கள் தரப்பிலிருந்து தகவல் வந்தது. அளந்து பார்த்தார்கள். 100 மீட்டர் வடம் இறக்கினால் ஓர் அங்குலத்துக்குள் வித்தியாசம், 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறடி. 2000ஆம் ஆண்டிலிருந்து எட்டுக் கணக்கெடுப்புகள் அப்படியே நடந்திருந்தன. பின்னர் சோதித்ததில் இறுதிக் கணக்கில் பெரிய பாதிப்பு இல்லை என்று முடிவு வந்தது. யார் நம்புவார்கள்? அந்தக் கணக்கை வைத்துத்தானே கடலுக்குப் போகும் நாட்களையே வெட்டியிருந்தார்கள்?

அதற்குப் பிறகு செய்ததுதான் புத்திசாலித்தனம். மீனவர்களும் வலை கட்டுகிறவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்த ஆலோசனைக் குழு அமைத்து, அடுத்த ஆராய்ச்சிக் கப்பலான ஹென்றி பி. பிகலோவுக்கு எந்த வலை, என்ன அமைப்பு என்று அந்தக் குழுவில் பேசி முடிவு செய்தார்கள். பழைய கப்பலும் புதிய கப்பலும் 2008இல் பக்கத்தில் பக்கத்தில் வலை இழுத்து ஒப்பிட்டன. விஞ்ஞானிக்குப் புள்ளியியல் தெரியும். வடம் கோணினால் வலை என்ன ஆகும் என்று கை அறிந்தவர் வேறொருவர்.

நம் கரைக்கு வருகிறேன். இங்கே கணக்கே இல்லை என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது, அதன் தலைமையகம் நம் மண்டபத்திலிருந்து பிறகுதான் கொச்சிக்குப் போனது. அதன் கணக்கெடுப்பாளர்கள் பல தசாப்தங்களாக இறங்குதளங்களில் நிற்கிறார்கள். ஒருநாள் மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு, மறுநாள் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு. அந்த நேரத்தில் பதினைந்து படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும் எழுதுவார்கள், அதற்கு மேல் வந்தால் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஏலம் கத்தும் இரைச்சலில், ஐஸ் தண்ணீர் கால் நனைக்க, குறிப்பேட்டோடு நிற்கும் அந்த மனிதருக்கு நாம் மரியாதை செய்வதில்லை.

ஆனால் அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் நேரான பதில் கிடைப்பது அரிது. 'அண்ணே, எங்கே பாடு?' 'கிழக்கே.' கிழக்கே என்றால் வங்கக்கடல் முழுக்கத்தான் இருக்கிறது. மீனவரைக் குறை சொல்ல மாட்டேன். மீன் சேரும் கடலடிப் பாறைத்திட்டான பாரின் இடத்தைச் சொன்னால் நாளைக்கு இருபது படகு அங்கே நிற்கும். பாக் நீரிணைப் பக்கம் போய்விட்டால் இன்னும் சிக்கல். எங்கே வலை போட்டோம் என்று சொல்வதே எல்லை தாண்டியதற்கு ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடலாம். தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய தகவலை யாரும் மனமுவந்து கொடுப்பதில்லை. ஆகவே தகவல் கேட்பதற்கு முன்னால், அது எந்தெந்தக் கைக்குப் போகாது என்ற உறுதியை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தகவல் மேலிருந்து கீழே வருவதில் நாம் நன்றாகவே தேறிவிட்டோம். கடலின் வெப்பத்தையும் பாசிப் பச்சையையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் திரளக்கூடிய இடங்களை ஹைதராபாத்திலிருக்கும் தேசியக் கடல்சார் தகவல் மையம் சொல்கிறது. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரத் தகவலை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்ல காரியங்கள். இவற்றுக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலே போகும் வழி அடைத்துக் கிடக்கிறது.

அடைத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று தூத்தூர்க்காரர்கள் 2001இல் பார்த்தார்கள். அந்த ஜூலையில் சுறா, திருக்கை வகையறா மொத்தத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது மத்திய அரசு. புலியைக் கொன்றால் என்ன தண்டனையோ அந்தச் சட்டத்தின் கீழ் சுறா பிடித்தவரும் வந்தார். சுறாத் தூண்டிலே தொழிலாக, நாட்கணக்கில் தங்குகடல் போகிற ஊர்களுக்கு அது இடி. எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பரில் பட்டியலைப் பத்து இனங்களாகச் சுருக்கினார்கள். வாள்போன்ற மூக்குடைய வேளா வகைகள், புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு சுறா என்று, உண்மையிலேயே காக்க வேண்டியவை பல அந்தப் பத்தில் உண்டு. ஐந்தே மாதத்தில் பட்டியல் இப்படி மாறியது என்பதே, முன்கூட்டிப் பேச வேண்டியவர்களிடம் போதுமான அளவு பேசவில்லை என்பதைக் காட்டிவிடுகிறது. வேளா கடைசியாக எந்த வருடம், எந்த ஆழத்தில் வலையில் ஏறியது என்று கேட்டால், இந்த அவையிலேயே பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். நீஸ் கேட்டதைப் போலப் படகு படகாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, இந்த மாவட்டத்துக்கென்று ஒன்று. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டு தடையும் வெட்டிக்கொள்ளும் மாவட்டம் கன்னியாகுமரி. சின்னமுட்டத்தில் படகு கட்டிக்கிடக்கும்போது குளச்சல் பக்கம் கடலில் இருப்பார்கள், பிறகு மாறும். மீன் முட்டையிடும் காலமும் தடைக்காலமும் பொருந்தவில்லை என்று மீனவர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். சில இனங்களுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது என்று நூல் படித்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். இதை மேடையில் பேசித் தீர்க்க முடியாது. நியூஃபவுண்ட்லாந்து முறையில் தீர்க்க முடியும். இந்தக் கரையில் சில படகு, அந்தக் கரையில் சில படகு. தடைக்கு முன்னும், சிறப்பு அனுமதியோடு தடைக்குள்ளும், பின்னும், மாதம் தவறாமல் கடலுக்குப் போக வேண்டும். ஒரு நிலையான இடம், ஓர் இஷ்டப்பட்ட இடம். நீளம், சினை, காதுக்கல். எடுப்பவர் மீனவர், உடனிருப்பவர் மாணவர். வந்த எண்கள் அந்த மாதமே இறங்குதளத்தில் பலகையில் ஏற வேண்டும், பிடித்த இடத்தை மட்டும் மறைத்துவிட்டு.

செலவுக்கு என்ன செய்வது? டீசலுக்கு அரசு கொடுக்கலாம். ஆனால் அலாஸ்காவைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்து, ஒரு பங்கையாவது சங்கங்கள் போட வேண்டும் என்பேன். போட்டால்தான் முதல் கூட்டத்தில் கேள்வியை எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கும். நிலையான இடம் எது என்பதில் சின்னமுட்டத்துக்குள்ளேயே நாலு கருத்து வரும், தெரியும். நேரம் இருக்கிறது. பெரியவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், அதிலிருந்தே தொடங்குவோம்.